ஒளிரும் உயிரும் நிறம் ஏறிய மரமும்

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு சென்னையின் தென்பகுதிக் கடற்கரையிலே அலைகள் நீல நிறமாக ஒளிர்கின்றன என்ற செய்தி ஊரெங்கும் பரவிற்று. செய்தி கேட்டு விரைந்தவர்களில் நானும் ஒருவன். திருவான்மியூர்க் கரையிலே பெருங்கூட்டம் கூடியிருந்தது. அலை எழும் வரையில் எங்கும் இருள். அது மடிந்து விழும் கணத்தில் அதன் முகட்டிலே நீல நெருப்பு ஓடியது போல் ஓர் ஒளி. மறுகணம் மீண்டும் இருள். என் அருகே நின்ற முதிய மீனவர் ஒருவர், "எங்களுக்கு இது புதிதில்லை, ஐயா, சில இரவுகளிலே வலை இழுக்கும் கயிறே இப்படி மின்னும்" என்றார். ஒரு சிறுமியோ தன் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியைக் கவிழ்த்துவிட்டு, அதிலே கடல்நீரை மொண்டுகொண்டிருந்தாள். "இதை வீட்டுக்குக் கொண்டுபோனால் எரியுமா, அப்பா?" என்று கேட்டாள். தந்தைக்கு விடை தெரியவில்லை. எனக்கும் அப்போது சட்டென்று விடை சொல்லத் தோன்றவில்லை.

அன்று ஒளிர்ந்தது நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர். ஒரே உயிரணுவால் ஆகிய உடல் அதற்கு. அலை மோதிக் குலுக்கும்போது அது ஒரு கணம் ஒளிவிடும். பல கோடி உயிர்கள் கூடி மிதக்கும் இடத்தில் கடலே எரிவதுபோல் தோன்றும். இவ்வளவும் இன்று எந்தப் பாடநூலிலும் கிடைக்கும். ஆனால் அச்சிறுமி கேட்ட கேள்வி பாடநூல்களுக்கெல்லாம் முந்தியது. இயற்கை தன் போக்கிலே வைத்திருக்கும் ஒளியையும் நிறத்தையும் நாம் விரும்பிய இடத்துக்குக் கொண்டுவர முடியுமா என்பதே அக்கேள்வி. மனிதன் அதற்கு விடை தேடிய வரலாற்றைத்தான் இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதில் இரண்டு கதைகள் உண்டு. ஒன்று ஒளிரும் பிராணிகளின் கதை. மற்றொன்று செயற்கையாக நிறமூட்டிய மரத்தின் கதை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. அந்த இடம், காட்டுத் தரையிலே வீழ்ந்து கிடக்கும் ஓர் உளுத்த மரம்.

ஐரோப்பியக் காடுகளிலே மழைக்குப் பின் உளுத்த மரத்துண்டுகள் சில இரவில் மங்கலான பசிய ஒளி வீசும். மரத்துக்குள்ளே இழையோடி அதைத் தின்று வாழும் ஒருவகைக் காளானே அவ்வொளிக்குக் காரணம். அதே காட்டிலே வேறு சில மரத்துண்டுகளைப் பிளந்து பார்த்தால், உட்புறம் முழுவதும் மயில் கழுத்துப் போலப் பசுநீல நிறம் ஏறியிருக்கும். அதுவும் ஒரு காளானின் வேலைதான். அதன் பெயர் குளோரோசிபோரியா. தான் புகுந்த மரத்தில் அது ஊட்டும் நிறம் எளிதில் வெளுப்பதில்லை. ஒரு காளான் மரத்துக்கு ஒளி தருகிறது. மற்றொரு காளான் மரத்துக்கு நிறம் தருகிறது. இவ்விரண்டையும் பார்த்த மனிதன் இரண்டின்மேலும் ஆசை கொண்டான்.

முதலில் ஒளியைப் பற்றிப் பார்ப்போம். காளானும், மீனின் தலையும் செதிலும் கண்ணும் இருளிலே ஒளிர்வதைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் குறித்து வைத்திருக்கிறார். பாறையைத் துளைத்து வாழும் ஒருவகைச் சிப்பியைப் பற்றி உரோமானியராகிய பிளினி எழுதியிருக்கிறார். அதைத் தின்பவரின் வாயும், அதன் நீர் சொட்டிய கையும் ஆடையும் இருளிலே ஒளிருமாம். இச்சிப்பியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் இது மீண்டும் நம் கதைக்குள் வரும்.

பார்த்து வியப்பது வேறு. பரிசோதித்து அறிவது வேறு. ஒளிரும் மரத்தை முறையாகப் பரிசோதித்தவர் இங்கிலாந்தின் ராபர்ட் பாயில். 1667ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் அவர் ஒளிரும் மரத்துண்டு ஒன்றைக் கண்ணாடிக் கலத்தில் வைத்து, அதனுள்ளிருந்த காற்றைத் தம் பம்பினால் வெளியேற்றினார். காற்றுக் குறையக் குறைய ஒளி மங்கிற்று, இறுதியில் மறைந்தது. காற்றை மீண்டும் உள்ளே விட்டார், ஒளி திரும்பியது. எரியும் கரித்துண்டுக்கும் காற்று வேண்டும். ஒளிரும் மரத்துக்கும் காற்று வேண்டும். ஆனால் கரி சுடுகிறது, மரம் சுடவில்லை. இந்த ஒற்றுமையையும் வேற்றுமையையும் பாயில் வரிசைப்படுத்தி எழுதினார். காற்றிலே ஆக்சிஜன் என்று ஒன்று உண்டு என்பதை உலகம் அறிவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் இருந்தன. ஆயினும் குளிர்ந்த ஒளிக்கும் மூச்சு வேண்டும் என்ற உண்மை அன்றே கைப்பட்டுவிட்டது.

ஐந்தாண்டுகள் கழித்து, 1672இல், அவர் வீட்டுப் பணியாள் ஒருவர் உணவறையில் தொங்கிய கன்றிறைச்சி ஒளிர்வதைக் கண்டு திடுக்கிட்டார். பாயில் அந்த இறைச்சியையும் விடவில்லை. இருபதுக்கு மேற்பட்ட இடங்களிலே அது ஒளிர்வதை எண்ணிக் குறித்தார். ஒளிரும் நுண்ணுயிர்கள் அதன்மேல் வளர்ந்ததே காரணம் என்பது பின்னால் தெரிந்தது.

காட்டு மரத்தின் ஒளி போருக்கும் அழைக்கப்பட்டது. அமெரிக்க விடுதலைப் போரின்போது டேவிட் புஷ்னெல் என்பவர் ஒருவர் மட்டுமே அமர்ந்து செலுத்தத்தக்க நீர்மூழ்கிக் கலம் ஒன்றை அமைத்தார். 'ஆமை' என்பது அதன் பெயர். நீருக்கடியில் திசைகாட்டியையும் ஆழம் காட்டும் கருவியையும் பார்க்க வெளிச்சம் வேண்டுமே! மெழுகுத்திரி ஏற்றினால், உள்ளே இருப்பவர் மூச்சுவிட வேண்டிய காற்றை அது தின்றுவிடும். ஆகவே ஒளிரும் மரத்துண்டுகளைக் கருவிகளின் முள்ளிலே பதித்தார்கள். வெப்பமான நாட்களில் அவை நன்றாக வேலை செய்தன. குளிர் வந்ததும் ஒளி நின்றுவிட்டது. ஒளியை எடுத்து ஒட்டிவிடலாம். ஆனால் அவ்வொளிக்குப் பின்னே ஓர் உயிர் இருக்கிறது. அவ்வுயிருக்கு ஒவ்வாத இடத்தில் ஒளியும் இல்லை. 1776ஆம் ஆண்டு செப்டம்பரில் 'ஆமை' நியூயார்க் துறைமுகத்தில் ஆங்கிலக் கப்பலொன்றைத் தாக்கச் சென்று, காரியம் கைகூடாமல் திரும்பிற்று.

இனி நிறம் ஏறிய மரத்துக்கு வருவோம். பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியிலே மரத்தில் மரம் பதிக்கும் கலை உச்சநிலையில் இருந்தது. வெவ்வேறு நிறமுள்ள மரங்களைச் சிறு துண்டுகளாக இழைத்து, இடைவெளி தெரியாமல் பொருத்தி, சுவர் முழுவதும் சித்திரம் செய்வார்கள். தூரிகையும் வண்ணமும் தொடாத ஓவியம் அது. பழுப்புக்கும் மஞ்சளுக்கும் கருமைக்கும் மரம் உண்டு. பச்சைக்கு மரம் எங்கே? அதற்குத்தான் காளான் உதவியது. பெடெரிகோ தா மோன்டபெல்ட்ரோ என்னும் கோமகனுக்காகக் குப்பியோ நகர அரண்மனையிலே ஏறத்தாழ 1478க்கும் 1482க்கும் இடையே செய்யப்பட்ட படிப்பறை ஒன்று, இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புத்தகங்களும் இசைக்கருவிகளும் கூண்டுக்கிளிகளும் அலமாரியில் உண்மையாகவே இருப்பதுபோல் மரத்தாலேயே காட்டிய அற்புதம் அது. அதன் பச்சைப் பகுதிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள் அங்கே காளானின் தடத்தைக் கண்டார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பச்சை நிலைத்திருக்கிறது.

எல்லாத் தச்சருக்கும் காட்டிலே பச்சை மரம் தேடித் திரியப் பொறுமை இருக்குமா? வெரோனா நகரத்துத் துறவி ஜியோவன்னி என்பவர் சாயமிட்டுக் காய்ச்சிய நீராலும், ஊடுருவும் எண்ணெய்களாலும் மரத்துக்கு நிறமூட்டினார் என்று வசாரி எழுதுகிறார். செயற்கை நிறம் இவ்வாறு இயற்கை நிறத்தின் பக்கத்திலேயே வந்து அமர்ந்துகொண்டது. பின்னாளில், இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் ஊரில் மரப்பதிப்புப் பெட்டிகள் செய்தவர்கள் பச்சைக்குக் காளான் ஏறிய ஓக் மரத்தை நாடினார்கள். சாம்பல் நிறத்துக்கோ, மரத்தைத் தங்கள் ஊர் ஊற்றுநீரிலே ஊறவைத்தார்கள். அந்நீரில் இரும்புச் சத்து மிகுதி. மரத்திலுள்ள துவர்ப்பொருளோடு இரும்பு சேர்ந்தால் கருமை படரும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து மையாவதை அறிந்த நமக்கு இதிலே வியப்பு ஏதும் இல்லை.

இவையெல்லாம் வெட்டிய மரத்துக்கு நிறமூட்டிய முறைகள். நின்று வளரும் மரத்துக்கே நிறமூட்ட முடியுமா? இதற்கு விடை வேறொரு கேள்வியின் வழியாக வந்தது. வேரிலிருந்து இலைக்கு நீர் எந்த வழியாக ஏறுகிறது என்பது அக்கேள்வி. 1733இல் சராபா என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் ஒரு செடியின் சிவந்த கனிச்சாற்றிலே வேறு செடிகளை நிறுத்தி வைத்தார். சிவப்பு ஏறிய பாதையே நீர் ஏறும் பாதை அல்லவா? மறைந்திருந்த வழி கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வாராய்ச்சிக்குப் பரிசு தந்தது போர்தோ நகரத்து அறிஞர் கழகம். இங்கே சாயம் அலங்காரமாக வரவில்லை. வழி காட்ட வந்தது. இந்த வேறுபாடுதான் என் பேச்சின் மையக் கருத்து.

அதே போர்தோ நகரத்து மருத்துவர் அகஸ்ட் பூஷ்ரீ. 1840இல் அவர் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தார்முன் தம் முறையை வெளியிட்டார். உயிரோடு நிற்கும் மரத்தின் அடியிலே வெட்டுவாய் அமைத்து, அதைச் சுற்றி ஒரு தொட்டி கட்டி, அதிலே தாம் விரும்பிய திரவத்தை நிரப்பினார். இலைகள் நீரை இழுக்கும் வேகத்தில் அத்திரவமும் மரத்துக்குள் ஏறிற்று. இரும்புக் கரைசலை ஏற்றிப் பின் துவர்நீரை ஏற்றினால், மரம் நீலங்கலந்த கருமை அடையும். இரும்புக்குப் பின் வேறோர் உப்பை ஏற்றினால், பிரஷ்ய நீலம் என்னும் ஆழ்ந்த நீலம் மரத்தின் நாளங்களுக்குள்ளேயே பிறக்கும். ஈய உப்பையும் குரோமிய உப்பையும் அடுத்தடுத்து ஏற்றினால் மஞ்சள். மேலே பூசிய வர்ணம் அன்று. இழைக்க இழைக்க உள்ளிருந்து வெளிப்படும் நிறம். தொட்டிக்குள் இருப்பது நஞ்சா, நல்ல நீரா என்று மரம் அறியுமா? அது தன் கடைசி நீரைக் குடிப்பதாக எண்ணி, தன் சாயத்தைத் தானே ஏற்றிக்கொண்டது.

ஆனால் மரத்தின் நடுவிலுள்ள வைரத்தில் நீர் ஓடுவதில்லை. ஆகையால் அங்கே நிறமும் ஏறாது. வெளிப்புற மென்மரத்தில் மட்டும் ஏறும். அங்கும் ஒரே சீராக இராது. நீல மரமும் மஞ்சள் மரமும் நாற்காலிகளாகி உலகெங்கும் பரவும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. பூஷ்ரீயின் பெயரை நிலைநிறுத்தியது வேறொன்று. நிறத்துக்காக ஏற்றிய உப்புகளுக்குப் பதிலாக, அவர் மயில்துத்தத்தைப் புதிதாக வெட்டிய மரத்துக்குள் செலுத்தினார். அது பூசணத்தைக் கொல்லும். மரத்தை உளுக்க விடாது. தந்திக் கம்பங்களாக நின்ற மரங்கள் பல இம்முறையால் ஆயுள் நீட்டிக்கப்பட்டவை. அலங்கார மரம் மறைந்தது. ஊருக்கு ஊர் செய்தி சுமந்த மரம் நிலைத்தது. காட்டிலே எந்தக் காளான் மரத்துக்கு நிறமூட்டி மனிதனுக்கு ஆசை காட்டியதோ, அந்தக் காளானின் குலத்தையே மரத்தை விட்டு விரட்டுவதில் அவ்வாசை முடிந்தது.

ஒளியின் கதைக்குத் திரும்புவோம். 1885இல் பிரெஞ்சு அறிஞர் ராபேல் துபுவா, மேற்கிந்தியத் தீவுகளில் வாழும் ஒளிரும் வண்டு ஒன்றை ஆராய்ந்தார். அதன் ஒளியுறுப்பை அரைத்துக் குளிர்ந்த நீரில் கலக்கினார். நீர் ஒளிர்ந்தது, சிறிது நேரத்தில் ஒளி அணைந்தது. மற்றொன்றை அரைத்து வெந்நீரில் கலக்கினார்; அது ஒளிரவே இல்லை. அணைந்துபோன நீரையும் ஒளிராத நீரையும் ஒன்றாகக் கலந்தார். உடனே ஒளி பிறந்தது! இரண்டு பொருள்கள் சேர்ந்து ஒளி உண்டாக்குகின்றன என்பது இதனால் தெளிவாயிற்று. ஒன்று எரிபொருள் போன்றது, வெப்பத்தைத் தாங்கும், ஆனால் செலவாகிவிடும். மற்றொன்று அதைத் தூண்டுவது, வெப்பத்தில் கெடும். 1887இல், பிளினி சொன்ன அதே பாறைச் சிப்பியிலும் துபுவா இவ்வுண்மையைக் கண்டு, அவற்றுக்கு லூசிபெரின், லூசிபெரேஸ் என்று பெயரிட்டார். சுடாத விளக்கு செய்துவிடலாம் என்ற ஆசை அவரையும் விடவில்லை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலே, ஒளிரும் நுண்ணுயிர்களைக் கண்ணாடிக் குடுவைகளில் வளர்த்து, ஓர் அறைக்கே அவர் வெளிச்சமூட்டினார். மக்கள் வியந்து பார்த்தனர். பின்னர் மின்விளக்கை நாடிச் சென்றனர். இங்கேயும் காட்சி மறைந்தது; துபுவா கண்டறிந்த உண்மை நிலைத்தது.

அவ்வுண்மையை மேற்கொண்டு நடத்தியவரின் வாழ்க்கையும் ஓர் ஒளியிலேதான் தொடங்குகிறது; ஆனால் அது கொடிய ஒளி. 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், ஜப்பானிய நகரமான நாகசாகிக்குச் சில மைல் தொலைவிலிருந்த இசஹாயா என்னும் ஊரில், ஒரு தொழிற்சாலையிலே பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் வேலைக்கு அமர்ந்தான். சன்னல் வழியே திடீரென்று ஒரு பேரொளி பாய்ந்தது. அரை நிமிஷ நேரம் அவனுக்குக் கண் தெரியவில்லை. பின்னர் அதிர்ச்சி வந்து தாக்கியது. மாலையிலே வீட்டுக்கு நடந்து சென்றபோது கரிய மழை பெய்தது. அவனுடைய வெள்ளைச் சட்டை கறுத்தது. வீடு சேர்ந்ததும் பாட்டி அவனைக் குளிக்கச் செய்தாள். அந்தக் குளியல் தம்மைக் காத்திருக்கலாம் என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். அவர் பெயர் ஒசாமு ஷிமோமுரா.

பத்தாண்டுகளுக்குப் பின், நகோயா பல்கலைக்கழகத்திலே அவருக்குக் கிடைத்த ஆராய்ச்சிப் பொருள், ஜப்பானியர் 'கடல் மின்மினி' என்றழைக்கும் ஒரு சிறு ஓட்டுயிர். அதை உலர்த்தி வைத்துப் பின் நனைத்தால் நீல ஒளி தரும். அதனால் போர்க்காலத்தில் இராணுவத்தார் அதைத் திரட்டினார்கள். அதன் லூசிபெரினைத் தூய படிகமாகப் பிரித்தெடுக்கப் பல அறிஞர் முயன்று தோற்றிருந்தனர். ஷிமோமுரா பத்து மாதங்கள் இரவும் பகலும் உழைத்தார். 1956ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓரிரவு, மிஞ்சிய கரைசலிலே அமிலத்தைக் கலந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். காலையிலே வந்து பார்த்தால் கலத்தின் அடியில் சிவந்த படிகங்கள்! தேடிய இடத்தில் கிடைக்காத ஒன்று, தேடாத வேளையில் கிடைத்தது.

அவ்வெற்றி அவரை 1960இல் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றது. 1961ஆம் ஆண்டு கோடையில் அவரும் பிராங்க் ஜான்சனும் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பிரைடே துறைமுகத்துக்குச் சென்று, ஒளிரும் சொறிமீன் ஒன்றை ஆராயத் தொடங்கினர். தெரிந்த வழிகள் எவையும் பலிக்கவில்லை. ஷிமோமுரா சிறு படகிலே தனியே அமர்ந்து நாள்தோறும் சிந்தித்தார். ஒளியைத் தூண்டும் பொருளைத் தற்காலிகமாக அடக்கி வைத்து எடுக்கலாமே என்று தோன்றியது. அமிலத்தால் அதை அடக்கிச் சாறெடுத்தார். வேலை முடிந்து மிச்சத்தைக் கழுவுதொட்டியிலே கொட்டினார். தொட்டி பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது! மீன் வளர்க்கும் கலங்களிலிருந்து வழிந்த கடல்நீர் அத்தொட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீரிலுள்ள கால்சியமே ஒளியைத் தூண்டுகிறது என்று அவர் உணர்ந்தார். அக்கோடையில் ஏறக்குறைய 10,000 சொறிமீன்களிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த ஒளிப்பொருள் சில மில்லிகிராம் மட்டுமே. பின்வந்த ஆண்டுகளிலே அவர் மனைவியும் மக்களும் வலையும் கையுமாகத் துணை நின்றனர். இருபதாண்டுகளுக்குமேல் தொடர்ந்த இப்பணியில் அவர் குழுவினர் பிடித்த சொறிமீன்கள் ஏறத்தாழ 8,50,000.

நீல ஒளி தரும் அப்பொருளோடு, பசுமையாக மிளிரும் மற்றொரு புரதமும் சிறிதளவு கிடைத்தது. 1962இல் அதைப் பற்றியும் குறித்து வைத்தார்கள். இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். ஒளிர்தல் என்பது தானே ஒளியை உண்டாக்குவது. மிளிர்தல் என்பது வேறோர் ஒளியை வாங்கி, நிறம் மாற்றித் திருப்பித் தருவது. சொறிமீனிலே ஒரு பொருள் நீல ஒளியை உண்டாக்குகிறது. பச்சைப் புரதம் அதை வாங்கிப் பசுமையாக வெளியிடுகிறது. தானே ஒளிராத இந்தத் துணைப் பொருள்தான் உலகையே மாற்றியது.

1992இல் டக்ளஸ் பிராஷர் என்பவர் அப்பச்சைப் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்து வெளியிட்டார். ஆராய்ச்சியைத் தொடர அவருக்கு நிதி கிடைக்கவில்லை. தம் உழைப்பின் பயனைப் பூட்டி வைக்காமல், கேட்ட இரு அறிஞர்களுக்கு அம்மரபணுவை அனுப்பி வைத்தார். ஒருவர் மார்ட்டின் சால்பீ. 1994இல் அவர் அதை உடல் ஊடுருவித் தெரியும் ஒரு சிறு புழுவுக்குள் செலுத்தினார். தொடுவுணர்ச்சிக்குரிய நரம்பணுக்கள் மட்டும் பசுமையாக மிளிர்ந்தன. மற்றவர் ரோஜர் சியென். அவர் அப்பச்சையை மாற்றியமைத்து நீலமும் மஞ்சளுமாகப் பல நிறங்கள் படைத்தார். 2007இல் அமெரிக்க அறிஞர் சிலர் எலியின் மூளையணுக்களை ஏறத்தாழ 90 நிறபேதங்களில் மிளிரச் செய்தனர். அப்படத்தைப் பார்த்தபோது எனக்குக் குப்பியோ அரண்மனையின் மரச் சித்திரமே நினைவுக்கு வந்தது. ஆனால் இங்கே நிறம் அழகுக்காக வரவில்லை. எந்த நரம்பு எங்கே போகிறது என்று வழி காட்ட வந்தது. அன்று சராபா செடியிலே ஏற்றிய சிவப்புச் சாறு செய்த வேலையையே, இன்று சொறிமீனின் பச்சை உயிரணுவுக்குள் செய்கிறது. புற்றுநோய் உடலிலே எவ்வாறு பரவுகிறது, நுண்ணுயிர் எங்கே பதுங்குகிறது என்பவற்றை உயிருள்ள உடலிலேயே கண்டறிய அது விளக்காயிற்று.

2008ஆம் ஆண்டு ரசாயனத்துக்கான நோபெல் பரிசு ஷிமோமுரா, சால்பீ, சியென் மூவருக்கும் கிடைத்தது. அப்போது பிராஷர் எங்கே இருந்தார்? அலபாமா மாநிலத்திலே, ஒரு மோட்டார் விற்பனை நிலையத்தில் வாடிக்கைக்காரரை ஏற்றி இறக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். சால்பீயும் சியெனும் நன்றி மறவாமல், தங்கள் செலவிலே அவரையும் அவர் மனைவியையும் ஸ்டாக்ஹோம் விழாவுக்கு அழைத்துச் சென்றனர். சில ஆண்டுகளுக்குப் பின் சியென் தம் ஆராய்ச்சிக்கூடத்திலேயே அவருக்கு இடமளித்தார். பரிசு மூவருக்குமேல் பகிரப்படாது என்பது விதி. விதியை நான் குறைகூறவில்லை. ஆயினும், கையிலிருந்த விளக்கைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு இருளிலே நடந்தவர் ஒருவர் உண்டு என்பதை வரலாறு மறத்தலாகாது.

இனி, காட்சிப் பொருளான பிராணிகளைப் பற்றி ஒரு சொல். 2000ஆம் ஆண்டில் எட்வர்டோ காக் என்னும் கலைஞர், ஆல்பா என்ற பச்சை முயலை ஒரு கலைப் படைப்பாக உலகுக்கு அறிவித்தார். சிங்கப்பூர் அறிஞர்கள் நீரின் மாசை அறிவிக்கும் மீன் ஒன்றைப் படைக்க முயன்று, 1999இல் மிளிரும் வரிக்குதிரை மீனை உண்டாக்கினர். சில ஆண்டுகளில் அது அமெரிக்காவிலே கண்ணாடித் தொட்டிகளுக்கான அலங்கார மீனாக விலைபோயிற்று. மக்கள் இவற்றை இருளில் ஒளிரும் பிராணிகள் என்கிறார்கள். அது பிழை. நல்ல இருட்டிலே அம்முயலும் கறுப்பு, அம்மீனும் கறுப்பு. நீல ஒளியோ புறஊதா ஒளியோ படும்போதுதான் அவை மிளிரும். சென்னைக் கரையில் ஒளிர்ந்த நுண்ணுயிரின் விளக்கு அவற்றிடம் இல்லை.

இவ்விளையாட்டு தொட்டிக்குள்ளேயே அடங்கிவிடுமா? விற்கத் தடையிருந்த பிரேசில் நாட்டிலே, அம்மீன்கள் ஓடைகளில் தப்பி வாழ்ந்து இனம் பெருக்குவதை 2022இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். பூஷ்ரீயின் நீல மரம் விதையிட்டு நீல மரங்களை முளைப்பிக்கவில்லை. ஆனால் மரபணுவில் ஏறிய நிறம் குஞ்சுக்கும் குஞ்சின் குஞ்சுக்கும் போகும். சாயமிட்ட மரத்தை வேண்டாமென்றால் எரித்துவிடலாம். ஆற்றில் கலந்த மீனை யார் திரும்ப அழைப்பது? பழைய தச்சனுக்கு இல்லாத பொறுப்பு நம் தலைமுறைக்கு வந்திருக்கிறது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை அறிவையும் தந்த சொறிமீன்கள் 1990க்குப் பின் பிரைடே துறைமுகத்திலே மிகவும் அருகிப்போயின. 8,50,000 மீன்களை மொண்ட அந்த நீரிலே, இன்று ஒருவர் அந்த ஆராய்ச்சியைத் தொடங்க எண்ணினால் தொடங்குவதே அரிது. எந்த உயிர் நமக்கு நாளை எந்த விளக்கை ஏற்றித் தரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே பயன் தெரியாத உயிரையும் காப்பது நம் கடமை.

அன்று விடை சொல்லாமல் வந்த கேள்விக்கு இன்று விடை சொல்லிவிடுகிறேன். புட்டியில் மொண்ட கடல்நீரை வீட்டுக்குக் கொண்டுபோய் இருளிலே குலுக்கினால், அது ஓரிரு இரவு ஒளிரும். பிறகு அவ்வுயிர்கள் மடியும். புட்டியிலே மிஞ்சுவது வெறும் உப்புநீர். ஆனால் அது ஏன் ஒளிர்கிறது என்ற கேள்வியையும் அச்சிறுமி புட்டியோடு கொண்டுபோயிருந்தால், அவள் வெறுங்கையோடு வீடு திரும்பவில்லை என்றே நான் எண்ணுகிறேன்.